வலப்பக்கத்து முதல் படம்

சரீப் நானாமீது எனக்கு ஆறு வருடக் கோபம் ஒன்று உண்டு. ஒரு ஹோட்டலுக்குத் தான் செய்துகொடுத்த இணையப் பக்கத்தில் என் படகைப் பின்னுக்கு ஓடவிட்ட மனுசன் அவர். திமிங்கிலம் பார்க்க ஆட்களை ஏற்றிப்போகும் படகு. அரபுப் பக்கத்துக்கு அந்தப் படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிப் போட்டுவிட்டார். தேத்தண்ணிக் கடையில் மற்றப் படகுக்காரன் வினோதன், "றெக்சன், உன்ர போட் றிவேர்ஸில ஓடுதாமே!" என்று சிரித்தான். நேரே சரீப் நானாவின் அறைக்குப் போனேன்.

"தம்பி, அரபு வலத்தால தொடங்குது. வாசிக்கிறவன்ட கண்ணும் வலத்தால இடத்துக்குப் போகும். உங்கட போட் வலப்பக்கம் பாத்தா, அவனுக்கு அது கரைக்குத் திரும்பி வாற போட்."

"போட்டின்ர பேரும் திரும்பிக் கிடக்கு. அதுவும் அரபோ?"

நான் உட்கார அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். கோபம் போகவில்லை, ஆனால் போய்வரத் தொடங்கினேன்.

அவருக்கு அறுபத்தைந்து வயது. துறைமுகத்தைப் பார்த்த அந்த அறையில் தனி ஆள். இருபது வருடம் றியாத்தில் ஓர் அச்சகத்தில் வேலை செய்தவர். மனைவி மௌத்தாகி அடக்கம் செய்த பிறகு, அங்கேயே இருக்கும் மகளின் அழைப்பும் குறைந்துவிட்டது. பேத்தி றுக்கியாவுக்குப் பத்து வயது. அரபு மட்டும்தான் வாசிப்பாள்.

அவளுக்காக ஒரு பக்கம் செய்தார். பன்னிரண்டு படங்கள், ஒரே வரிசை. வலது ஓரத்தில் முதலாவது, சின்னப் பிள்ளையாக அவர். இடது ஓரத்தில் கடைசி, இந்த அறை. மகளுக்கு அனுப்பினார். போனில் சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க எனக்கும் அனுப்பினார்.

படகுக்கு ஆள் வராத மத்தியானங்களில் அதைத் திறந்து, படம் படமாகத் தொட்டுப் பார்ப்பேன். ஏனென்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஒருநாள் மனுசனின் முகம் முழுக்கச் சிரிப்பு. "புள்ள ஒவ்வொரு நாளும் பாக்கிறா தம்பி!"

யாராவது படத்தைத் தொட்டால் அவருடைய கணினியில் பதிவாகுமாம்; ஆள் யாரென்று மட்டும் காட்டாதாம். எனக்கு எப்படித் தெரியும்? தொட்டது நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. நிற்பாட்டவும் ஏலாமல் போயிற்று. மூன்று மாதம் தவறாமல் திறந்தேன்.

பிறகு ஒரு பின்னேரம், அந்தப் பதிவை எனக்குக் காட்டினார்.

"தொடுற ஆள் முதல்ல இந்த அறையத் தொடுது. பிறகு வலப்பக்கமாப் போகுது. சின்னப் பிள்ளையில என்னைக் கடைசியிலதான் பாக்குது. அரபு வாசிக்கிற புள்ள இப்படிப் பாக்காது தம்பி. நீங்கதானே?"

"ஓம் நானா."

ஏசுவார் என்றிருந்தேன். ஏசவில்லை. அடுத்த கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. ஆகவே என்னிடம் அவர் கடைசியாகக் கேட்டது அன்று கேட்டதுதான்.

"இனி நீங்க திறக்க வேணாம். புள்ள வந்தா எனக்குத் தெரிய வேணும்."