லீவரைக் கட்டியது நான்தான்

தேயிலைத் தோட்டத்து வேலையை விட்ட பிறகு, நானும் என் வீட்டுக்காரரும் நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசைக்குக் கீழே இருந்த சரிவில் மரக்கறி போட்டோம். டிக்கோயாவுக்குப் பக்கத்து மலை. இரண்டு வருடம் மண்வெட்டியால் கொத்தினோம். அப்புறம் ஒருவர் பாவித்துவிட்டு விற்ற, கையால் தள்ளி உழும் சின்ன டில்லர் மெஷின் ஒன்றை வாங்கினோம்.

அவருக்கு மெஷினோடு பொறுமை இல்லை. கயிற்றை நாலு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு எட்டி உதைப்பார். நான்தான் பிளக்கைக் கழற்றுவேன். ஈரமாக இருந்தால் துடைத்துக் காயவைப்பேன், கரி பிடித்திருந்தால் தேய்ப்பேன். பெரும்பாலும் அதிலேயே ஸ்டார்ட் ஆகிவிடும். மண்ணைக் கொத்தும் கத்தியில் புல் சுற்றிக்கொண்டால், எஞ்சினை நிறுத்தி, பிளக் வயரையும் பிடுங்கிவிட்டுத்தான் கை வைப்போம். விற்றவர் சொல்லித் தந்தது அது. கைப்பிடியில் இருந்த லீவரையும் காட்டினார். அதை அமுக்கிப் பிடித்தால்தான் கத்தி சுற்றும், விட்டால் நின்றுவிடும்.

"இதுதான் அக்கா உங்க உசுரு" என்றார்.

என் வீட்டுக்காரருக்கு இடது கையில் பிடி குறைவு. தோட்டத்தில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி பட்டு நரம்பு போன கை. லீவரைப் பிடித்தபடி இரண்டு வரி உழுவதற்குள் விரல்கள் மரத்துவிடும். சாப்பிடும்போது தட்டைப் பிடிக்க முடியாமல் மடியில் வைத்துக்கொள்வார். பார்க்கப் பொறுக்கவில்லை. ஒரு நாள் அவர் தேத்தண்ணி குடிக்கப் போன நேரத்தில், பழைய சைக்கிள் டியூபை வெட்டி வளையமாக முடிச்சுப் போட்டேன். மெஷின் ஸ்டார்ட் ஆனதும் லீவரைக் கைப்பிடியோடு சேர்த்து மாட்டிவிட்டால் போதும், பிடிக்கத் தேவையில்லை. அவர் வந்து ஓட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு புள்ள."

பல மாதம் அப்படியே ஓட்டினோம்.

அன்று மண் ஈரம். முதல் நாள் மழை. நான் மேலே லீக்ஸ் நாற்று பிரித்துக்கொண்டிருந்தேன். வரியின் கடைசியில், கல் கட்டு ஓரத்தில், அவர் மெஷினைப் பின்னால் எடுத்தார். குதிகால் வழுக்கி மல்லாக்க விழுந்தார். இரண்டு கையையும் விட்டுவிட்டார். மெஷின் நிற்கவில்லை. அவர் மேலேயே ஏறி வந்தது.

"நிப்பாட்டு புள்ள, நிப்பாட்டு."

ஓடினேன். டியூப் மாட்டிய கைப்பிடியும் சுவிட்ச் இருந்த பக்கமும் கல் கட்டில் சாய்ந்து கிடந்தன, கை நுழையவில்லை. வெறுங்கையால் பிளக் வயரைப் பிடுங்கினேன். தோள்வரை ஷாக் அடித்தது. எஞ்சின் அடங்கியது. அதற்குப் பிறகுதான் அவர் முனகுவது கேட்டது.

லயத்து ஆட்கள் நாலு பேர் கம்பளியில் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஆட்டோவில் டிக்கோயா ஆஸ்பத்திரி, அங்கிருந்து ஆம்புலன்ஸில் கண்டி. எப்படி நடந்தது என்று டாக்டர் சிங்களத்தில் கேட்டார். வழுக்கி விழுந்தார் என்றேன். பொய்யில்லை. மிச்சத்தைச் சொல்லவில்லை. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

அவர் வீட்டுக்கு வந்த பிறகு, வளைந்த கத்திகளை மாற்ற மெக்கானிக் ஒருவர் வந்தார். மண் அப்பிய டியூப் வளையம் கைப்பிடியிலேயே தொங்கியது.

"யாருங்க இதக் கட்டுனது?"

"நான்தான்" என்றார் என் வீட்டுக்காரர், கட்டிலில் இருந்தபடி.

கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றேன். அதை மெக்கானிக்கிடம் நீட்டினேன்.

மெக்கானிக் போனதும் கேட்டேன். "ஏங்க அப்புடிச் சொன்னீங்க?"

"பின்ன? லயம் பூரா ஒன்னத்தான் பேசும்." போர்வையை வெட்டிய காலுக்கு மேல் இழுத்துவிட்டார். "ஆனா புள்ள, நான் ஒன்னக் கட்டச் சொல்லலையே."

அழுதேன். அவர் தேற்றவில்லை. அதன் பிறகு அதைப்பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

இப்போது நான் தனியாகத்தான் உழுகிறேன். வேறு வழி இல்லை. மெஷின் ஓடும் நாட்களில் அவர் உள்ளே கதவைச் சாத்திக்கொள்கிறார். சத்தம் அடங்கி, நான் பீலித் தண்ணியில் கால் கழுவிவிட்டு வந்து தட்டும்வரை திறப்பதில்லை.