மலையில் ஊறிய ரத்தம்

இராஜமாணிக்கம் என் சின்னம்மா மகன், மூன்று பெண்ணுக்குப் பிறகு பிறந்தவன். வேலூர்ப் பக்கமிருந்து வந்து பெங்களூர் பொம்மனஹள்ளியில் தங்கிவிட்ட எங்கள் கூட்டத்தில் லடாக் மலையில் இருக்கிற லே வரைக்கும் போனவன் அவன் ஒருவன்தான். அங்கே ரோடு போடுகிறவர்கள் கேம்பில் நாலு வருஷம் சமையல். ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்ததில்லை.

போன பங்குனியில் திரும்பினான். மகள் சிந்து போகவேண்டாம் என்று அழுததால், இங்கேயே ஒரு ஃபேக்டரி கேன்டீனில் சொல்லிவைத்திருந்தோம். திங்கட்கிழமை சேரவேண்டும். இல்லையென்றால் கேம்புக்கு ஆள் சேர்க்கிற மேஸ்திரி மறுபடி மலைக்கு இழுத்துக்கொள்வான்.

வந்தவனோ எழுந்திருக்கவே இல்லை. பல் விளக்கிவிட்டு வந்து சுவரில் சாய்வான். காபி டம்ளரைப் பிடித்தபடியே தூங்குவான். உடம்பில் ரத்தம் இல்லை என்று நான்தான் முடிவு கட்டினேன். கறிக்கடையில் சொல்லிவைத்துத் தினம் ஒரு சுவரொட்டி வாங்கி, மிளகு போட்டு வதக்கிக் கொடுத்தேன். எங்கள் வீட்டில் பிள்ளை பெற்றவளுக்கெல்லாம் ரத்தம் ஊற ஆட்டு மண்ணீரல்தான். அவன் மனைவி முத்தம்மா தன் பங்குக்கு பீட்ரூட் அரைத்தாள்.

"இன்னும் எத்தன ஆட்ட என் வயித்துல கட்டுவ அக்கா?" என்றான். தின்றான். இன்னும் சோர்ந்தான்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். ரத்தம் எடுத்தார்கள். மலைக்குப் போய்வந்தவர்களைப் பார்க்கிற டாக்டரம்மா ஸ்ரீரஞ்சனி, பேனா மாதிரி ஒரு கேமராவை அவன் நாக்குக்கு அடியில் வைத்தார். திரையில் ரத்தம் நூல் நூலாக நகர்ந்தது. நான் சுவரொட்டியைச் சொன்னதும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"இவருக்கு ரத்தம் கொறச்சல் இல்லம்மா, அதிகம். மேல காத்து கம்மி. அதனால உடம்பு ரத்தத்த கெட்டியாக்கி, சும்மா கெடந்த பொடி நரம்புலயும் ஓட விட்டுச்சு. இப்ப எறங்கி வந்துட்டாரு. ஏத்துனத அதுவே கொறைக்குது. அந்த அசதிதான். நோய் இல்ல."

திங்கட்கிழமை வேலையில் சேரலாமா என்று முத்தம்மா கேட்டாள். மூன்று நாலு வாரம் அடுப்படிப் பக்கமே வேண்டாம் என்றார்.

கேன்டீன் வேலை வேறொருவனுக்குப் போயிற்று. செவ்வாய்க்கிழமை மேஸ்திரி போன் செய்தான். இராஜமாணிக்கம் வேறு வழியில்லாமல் சரி என்று சொல்ல வாயெடுத்தான். முத்தம்மா போனை வாங்கிக் கன்னடத்தில், "அவரு இன்மேலே பரல்ல," இனி அவர் வரமாட்டார் என்று சொல்லி வைத்துவிட்டாள். பிறகு, ஏற்கெனவே வேலைபார்க்கும் அபார்ட்மெண்ட் போதாதென்று இன்னொன்றிலும் பெருக்கித் துடைக்கக் கிளம்பிப் போனாள்.

அவன் எழுந்து பீட்ரூட் அரைத்த ஜாரைக் கழுவப் போனான். பாதி கழுவியதும் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.