கார்பெட்டைத் தூக்கிய பிறகு

தில்லி ஜனக்புரியில் நாங்கள் இருக்கும் தரைத்தள வீட்டை எனக்கு விற்றவர் அலுவலகத்தில் எனக்கு மூத்தவர். திருநெல்வேலிக்காரர். நானும் அந்தப் பக்கம்தான் என்பதால் அண்ணாச்சி என்றே கூப்பிடுவேன். தில்லிக்கு வந்த புதிதில் எனக்கு அறை பார்த்துக் கொடுத்ததும், ஆட்டோக்காரர்களிடம் இந்தியில் சண்டை போடக் கற்றுக் கொடுத்ததும் அவர்தான். ஓய்வு பெற்று ஊருக்குப் போகும்போது வீட்டை எனக்கே கொடுத்தார். கூடத்திலும் படுக்கையறையிலும் சுவரோடு சுவராகப் பழுப்பு நிறக் கார்பெட் போட்டிருந்தார்.

"இத ஒனக்கே விட்டுட்டுப் போறேன்டே. குளிருக்கு இதமா இருக்கும்" என்றார்.

அவர் காலில் விழாத குறைதான் அன்றைக்கு.

முதல் மழைக்காலத்திலேயே வாடை வந்தது. ஈரச் சாக்கை மூலையில் போட்டு மறந்துவிட்டால் வருமே, அப்படி. காரணம் என் மனைவிதான் என்று நான் முடிவு கட்டினேன். மழையிலும் ஜனவரிக் குளிரிலும் வெளியே துணி காயாது என்று கூடத்தில் கொடி கட்டி உலர்த்துவாள். கார்பெட்டை ஈரத் துணியால் துடைப்பாள். வேறென்ன வேண்டும்?

"இது கீழேருந்து வருதுங்க" என்று ஒருமுறை சொன்னாள்.

"கீழேருந்து என்ன வரும்? அண்ணாச்சி பன்னிரண்டு வருஷம் இருந்த வீடு. அவருக்கு வராத வாடை நமக்கு மட்டும் வருதா?" என்றேன். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. மாலையில் சாம்பிராணி போட ஆரம்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கம்பக்கத்துத் தமிழ்ப் பெண்கள் நாலைந்து பேர் எங்கள் வீட்டில் கூடிப் பாடுவார்கள். ஒருநாள் அவர்களில் ஒருவர் மூக்கைச் சுளித்தார். அல்லது சுளித்ததாக எனக்குப் பட்டது. நான் முந்திக்கொண்டேன்.

"தப்பா நினைச்சுக்காதீங்க. இவளுக்குத் துணியைப் பிழியவே தெரியாது. எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில ஏறாது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவர்களும் சிரித்தார்கள். என் மனைவி காபி கொண்டுவர உள்ளே போனாள். சில வாரங்களில் பாட்டு நின்றுவிட்டது. கேட்டதற்கு, "இப்ப வேற வீட்டுல வெச்சுக்கறாங்க" என்றாள். சரி, ஞாயிற்றுக்கிழமை மாலை அமைதியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்படியே எட்டு வருடங்கள் போயின. அவளுக்கு இருமல் வந்தது, பிறகு இழுப்பு வந்தது. தில்லிக் காற்றில் யாருக்குத்தான் இருமல் இல்லை என்று விட்டுவிட்டோம். கடைசியில் பார்த்த டாக்டர் கேட்ட முதல் கேள்வியே வீட்டில் கார்பெட் இருக்கிறதா என்பதுதான். உடனே அதை எடுத்துவிட்டு வேறு தரை போடச் சொன்னார்.

மரச்சாமான், தரைப் பலகைக் கடைகள் நிறைந்த கீர்த்தி நகருக்குப் போனோம். மரம் போலவே இருக்கும் லேமினேட் பலகைதான் போடுவது என்று நான் ஏற்கெனவே தீர்மானித்திருந்தேன். பக்கத்திலுள்ள துவாரகாவில் என் ஆபீஸ் நண்பர் வீட்டில் பார்த்தது. கடைக்காரர் ஒரு பலகையின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரைக் கவிழ்த்து, துடைத்துக் காட்டினார். என் மனைவி குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"பையா, நீச்சே ஸே பானி ஆயா தோ?"

கீழேயிருந்து தண்ணீர் வந்தால் என்ன ஆகும் என்ற அந்தக் கேள்விக்கு அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். கடை வாசலில் சாய்த்து வைத்திருந்த, ராஜஸ்தானிலிருந்து வரும் கோட்டா கல்லை அவள் தடவிப் பார்த்தாள். "இதைப் போட்டுரலாமே. ரொம்ப நாள் உழைக்கும்."

"அது ரயில்வே பிளாட்பாரத்துக்குப் போடற கல்லு" என்று சொல்லிவிட்டு, லேமினேட்டுக்கே ஆர்டர் கொடுத்தேன்.

அளவெடுக்க வந்த மிஸ்திரி கூடத்து மூலையில் கார்பெட்டைக் கத்தியால் கிழித்துத் தூக்கினார். கீழே தடித்த பிளாஸ்டிக் ஷீட் இருந்தது. இரண்டு ஷீட் சேரும் இடமெல்லாம் அகலமான டேப் ஒட்டியிருந்தது. அலட்சியமாக அல்ல, அளந்து, நேராக, ஒரு சுருக்கமில்லாமல். அதைப் பிரித்ததும் அடிப்பக்கத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. தரை கறுத்துப் போய், நடுவில் இறங்கியிருந்தது. இரண்டு இடங்களில் சிமென்ட் ஒட்டுப் போட்டிருந்தார்கள். மிஸ்திரி சுத்தியல் பிடியால் தட்டினார். உள்ளே வெற்றிடம் இருப்பது போலச் சத்தம் வந்தது.

"புரானா சீலன் ஹை, சாப். கிஸீ நே ஜான்பூஜ்கர் டகா ஹை" என்றார். பழைய ஈரக்கசிவு, யாரோ தெரிந்தேதான் மூடியிருக்கிறார்கள்.

என் மனைவி துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அப்பவே சொன்னேனே என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மிஸ்திரிக்கு டீ போடப் போய்விட்டாள்.

நான் அண்ணாச்சிக்குப் போன் செய்தேன்.

"அண்ணாச்சி, கார்பெட்ட எடுத்துட்டோம்."

"அத எதுக்குடே தூக்குன? நல்லாத்தானே கெடந்துச்சு."

"கீழ பிளாஸ்டிக் போட்டு டேப் ஒட்டியிருக்கு. ஒங்களுக்குத் தெரியும்லா?"

"ரெண்டு தடவ மராமத்து பண்ணிப் பாத்தேன். நிக்கல. நான் என்ன செய்ய? சொல்லியிருந்தா நீ வாங்கியிருப்பியா?"

"மாட்டேன்."

"பொறவு என்ன கேள்வி?" என்றவர், என் மனைவிக்கு இழுப்பு என்று சொன்னதும் குரலை இறக்கித் தன் மனைவியைப் பற்றிச் சொன்னார். "ஒங்க மதினிக்கும் அந்த வீட்லதான் இழுப்பு வந்துச்சு. ஊருக்கு வந்த பொறவு தேவல. நீயும் ரிட்டையர் ஆனதும் இங்க வந்துரு, சரியாயிரும்."

ஆறுதலாகத்தான் சொன்னார். போனை வைத்துவிட்டேன். அதன் பிறகு அவரோடு பேசவில்லை. ஒரு மாதம் வரை பார்ப்பவர்களிடமெல்லாம் அவரைத் திட்டினேன். திட்டத் திட்டச் சுகமாக இருந்தது. என் மனைவி பக்கத்தில் இருந்தும் ஒரு வார்த்தை கூட அவரைத் திட்டவில்லை. அது ஏன் என்று யோசிக்க எனக்குப் பிடிக்கவில்லை.

தரையை உடைத்தபோது சமையலறைக் கழிவுநீர்க் குழாய் கூடத்தின் அடியில் நெடுக விரிசல் விட்டிருப்பது தெரிந்தது. குழாயை மாற்றி, மண்ணைக் காயவிட்டு, லேமினேட்டை வேண்டாம் என்று சொல்லி, கோட்டா கல்லே போட்டோம். கல் சந்தையில் அவளே ஒவ்வொரு கல்லாகத் தட்டிப் பார்த்து எடுத்தாள். நான் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன். பாலிஷ் மெஷின் ஓடி முடிந்து சாம்பல் சேற்றைக் கழுவியபோது தரை மங்கிய பச்சையில், நன்றாகத்தான் இருந்தது. இருமல் குறைந்தது. இழுப்பு முழுதாகப் போகாது, இன்ஹேலரை விடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

போன மாதம் மெட்ரோ நிலையத்தில், அந்தப் பாட்டுக் கூட்டத்துப் பெண்களில் ஒருவரைப் பார்த்தேன். வலியப் போய்ப் பேசினேன். அன்று வந்த வாடை தரைக்கு அடியிலிருந்து வந்தது, என் மனைவி மேல் தப்பில்லை என்று விளக்கினேன்.

"எந்த வாடை சார்? எனக்கு ஞாபகமே இல்லையே" என்றார் அவர். "உங்க மிஸஸ்தான் பாட்டே வேணாம்னு நின்னுட்டாங்க. எத்தனை தடவை கூப்பிட்டோம் தெரியுமா?"

ஏதோ நல்ல செய்தி கொண்டுபோவது போல வேகமாக வீட்டுக்கு வந்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பாட்டுக்கு வந்தவங்க யாருக்கும் அன்னிக்கு நடந்தது ஞாபகமே இல்லையாம்" என்றேன்.

"அவங்களுக்கு ஏன் ஞாபகம் இருக்கணும்?" என்றாள், நிமிராமல். "என்னைச் சொன்னது நீங்கதானே."

கீரையை அலச எழுந்தவள், தயிர் வாங்கி வந்தீர்களா என்று கேட்டாள். மறந்திருந்தேன். திரும்பவும் வெளியே போனேன்.