ஒன்றரை மணிக்குப் பிறந்த மலை

எங்கள் பொதிகை மலை இன்று இரண்டாகப் பிளந்துவிட்டது. கணினித் திரையில்தான், பயப்பட வேண்டாம்.

நாளைய கல்லூரிக் கண்காட்சிக்கு ஒரு மலைத்தொடர் வேண்டும். இரைச்சல் சார்பு என்ற கணக்குக்கு ஒரு தொடக்க எண்ணைக் கொடுத்தால் மேடு பள்ளமெல்லாம் அதுவே போட்டுவிடும். ஒரே கணினியில் ஓட்டினால் நாளைக்குள் முடியாது. அதனால் நாலு கணினிக்கு ஆளுக்கொரு துண்டாகப் பிரித்துக் கொடுத்தோம். துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்ட நாலுக்கும் ஒரே தொடக்க எண் வேண்டும். கணினிக் கடிகாரத்தில் அப்போது எத்தனை மணியோ, நிமிடத்தை விட்டுவிட்டு அதுவே தொடக்க எண். இது என் யோசனை.

மதியம் பன்னிரண்டரைக்கு மூன்று பேர் தொடங்கினோம். நாலாவது கணினியில் இருந்த ஆழ்வார்குறிச்சி சங்கரன் மட்டும் சும்மா இருந்திருக்கிறான். எங்களுக்குத் தெரியாது.

மாலையில் ஒட்டிப் பார்த்தால் மூன்று துண்டும் சேர்ந்தன. அவனுடையது அரிவாளால் வெட்டியதுபோல் தனியாக நின்றது.

"நீ எப்பலே தொடங்கின?"

"ஒன்றரைக்கு. இன்னைக்குப் புதன்கிழமை. ராகு காலத்துல போயி மலையைத் தொடங்கச் சொல்லுதியே."

திட்ட வாயெடுத்தேன். பிறகு படத்தைப் பார்த்தேன். எங்கள் மூன்றும் புன்னக்காயல் கடற்கரைபோலத் தட்டை. அவனுடையதில் மட்டும் சிகரத்தோடு மலை நின்றது.

"பாத்தியாலே" என்றான், பைய.

மதியம் ஒன்றரை என்றால் இருபத்துநாலு மணிக் கணக்கில் ஓடும் கணினிக்குப் பதிமூன்று; எங்களுடையது பன்னிரண்டு. அந்த எண்ணையே எங்கள் மூன்றுக்கும் கொடுத்து மறுபடி ஓட்டுகிறோம்.

தொடங்குவதற்குமுன் நாள்காட்டியைப் புரட்டியது சங்கரன் இல்லை, நான்தான். நல்ல நேரம் பார்த்துக் கணினியை ஓட்டுகிறவர்கள் இந்த மடற்குழுவில் வேறு யாரும் இருந்தால் கூச்சப்படாமல் எழுதுங்கள்.