முகமூடி பெற்றுக்கொண்டேன்

பேனாவை வாங்கியதும் சித்தி முதலில் விரல்களை முந்தானையில் துடைத்துக்கொள்வாள். கல்தூள் காகிதத்தில் ஒட்டக்கூடாதாம். பிறகு நாக்கு நுனியைக் கடித்தபடி ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதி, அடியில் ஒரு கோடு இழுப்பாள்.

"மேனேஜரம்மா கையெழுத்துப் போடுறாங்க, யாரும் இருமாதீங்க" என்பாள் வரிசையில் பின்னால் நிற்பவள்.

"கைநாட்டுக்கு வாயப் பாரு" என்பாள் சித்தி.

சொல்லிக்கொடுத்தது நான்தான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள். ஒரு விடுமுறையில், மூன்றே நாளில் கற்றுக்கொண்டாள்.

சமையல் மேடைக்கான கற்பலகைகளின் ஓரத்தை மெஷினால் தேய்த்து வழவழப்பாக்குவது அவள் வேலை. பதினோரு வருடம். தண்ணீர் விட்டுத் தேய்த்தால் தூசு பறக்காது. வேலை தாமதமாகிறதென்று குழாயை மூடிவிட்டார்கள். மாலையில் அவள் புருவம் நரைத்திருக்கும். "பவுடர் செலவு மிச்சம்டி" என்பாள். மூக்கில் கட்டுவது பழைய துணி. "மடிச்சா முகமூடி, விரிச்சா துண்டு."

மாதம் ஒருமுறை மேற்பார்வையாளர் பதிவேட்டை நீட்டுவார். 'முகமூடி பெற்றுக்கொண்டேன்' என்று மேலே அச்சடித்திருக்கும். முகமூடிகள் அலுவலகக் கண்ணாடி அலமாரியில் இருந்தன. ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் வெளியே வரும். சித்திக்குப் படிக்கத் தெரியாது. பெயரெழுதுவதோடு நான் நிறுத்திக்கொண்டிருந்தேன்.

இப்போது அவள் நுரையீரலில் கல்தூள் படிந்துவிட்டது. அது வேலையால் வந்த நோய் என்று தீர்ப்பானால்தான் கம்பெனி வைத்தியம் பார்க்கும். நேற்று விசாரணை. சட்டப் பிரிவுகளை மனப்பாடம் செய்துகொண்டு நானும் போனேன். சாட்சி சொல்வதாக இருந்த கூட்டாளிகள் வரவில்லை. அவர்களுக்கு இன்னும் அங்கே வேலை இருக்கிறது.

கம்பெனி வக்கீல் பதிவேட்டை விரித்தார். "மாசாமாசம் குடுத்திருக்கோம். இவங்கதான் போட்டுக்கல. இது உங்க கையெழுத்துதானம்மா?"

சித்தி தானே பக்கங்களைத் திருப்பிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. "எல்லாம் என்னோடதுதாங்க. ஒரு அடித்தல் கெடையாது, பாருங்க."

"முகமூடி குடுக்கவே இல்லீங்க. அவங்களுக்குப் படிக்கவும் தெரியாது" என்றேன்.

"இவ்வளவு அழகா எழுதறாங்களே" என்றார் வக்கீல். மனப்பாடம் செய்த பிரிவுகளை வரிசையாகச் சொன்னேன். மனு தள்ளுபடி.

பஸ் பிடிக்க நடைமேம்பாலம் ஏற வேண்டும். ஐந்தாவது படியில் சித்தி நின்று, கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒரு காலைத் தூக்கினாள். "நீ போயிட்டே இரு கண்ணு. செருப்புல முள்ளு ஏறிடுச்சு."

இரும்புப் படியில் முள் ஏது? மூச்சிரைப்பில் தோள்கள் ஏறி இறங்க, வெகுநேரம் செருப்பைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு எதையோ பிடுங்கி வெளியே எறிந்தாள். இன்னும் ஐந்து படி ஏறி, மற்றக் காலைத் தூக்கினாள்.