இசக்கி அக்காவின் வயிற்றில் இருந்தது தண்ணீர்

இசக்கி அக்கா இறந்துவிட்டதை, அவருடைய பழைய அறைத்தோழி மகேஸ்வரி அக்கா படப்பை பஸ் ஸ்டாப்பில் வைத்துச் சொன்னார். வீட்டில் சொன்னேன். அம்மா கீரை ஆய்வதை நிறுத்தவில்லை.

“வயித்தக் கலைக்கப் போயிருப்பா. வேற இன்னா?”

அதனால்தான் இதை ஒளிந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டு மாடி வாடகை அறைகளில் அவருடன் குடியிருந்தவர்களே, கம்பெனி லைனில் அவர் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்களே, உங்களுக்காக. அம்மா கண்ணில் பட்டால் என்னை என்ன செய்வாள் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

சிறுவயதில் வந்த காய்ச்சலால் அக்காவின் இதய வால்வு ஒன்று சுருங்கியிருந்தது. மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிடுவார். “ஏ பிள்ள, இந்தப் படிய கட்டுனவன் மலைக்கோயிலுக்குக் கட்ட வேண்டியவன்” என்று சிரிப்பார். கால் வீங்கியபோது, நின்று வேலை செய்தால் எல்லோருக்கும் வீங்கும் என்றார் சூப்பர்வைசர். வயிறு வீங்கியபோது யாரும் காரணம் கேட்கவில்லை. கல்யாணமாகாதவர், திருநெல்வேலியிலிருந்து தனியாக வந்தவர். ஊர் கதை கட்ட அது போதுமாக இருந்தது.

ஒரு விடுமுறையன்று அவருக்குத் துணையாக ஆஸ்பத்திரிக்குப் போனேன். “வால்வை மட்டும் பார்த்து ஆபரேஷனுக்கு நாள் குறிக்க முடியாதும்மா” என்றார் டாக்டர். “வலது பக்க இதயம் களைச்சுப்போச்சு. அதனாலதான் கால்லயும் வயித்துலயும் தண்ணி சேருது. மாத்திரையும் ஓய்வும் எடுத்து அது தேறட்டும். அப்புறம்தான் வால்வு.” முன்பு பார்த்த கிளினிக்கில் வால்வை மட்டும் பார்த்துவிட்டு, அவசரமில்லை என்று அனுப்பியிருந்தார்கள். காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“வலது பக்கம் பாவம், ஓவர்டைம் காசு கேட்காமலே ஓடியிருக்கு” என்றார் அக்கா, திரும்பும்போது. “அதுக்காவது லீவு குடுப்போம்.”

கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. வீட்டில், வயிற்றில் இருப்பது தண்ணீர்தான் என்று நான் எவ்வளவு சொல்லியும் அம்மா கேட்கவில்லை. “டாக்டர் சொன்னாராம், டாக்டர்! ஊரு நம்ம வூட்டத்தானே பேசும்?” அறையைக் காலி செய்யச் சொன்னாள்.

போகும்போது அக்கா என் கட்டைவிரலைப் பிடித்துத் தன் கணுக்காலுக்கு மேல் அழுத்தினார். பள்ளம் விழுந்தது, மேலே எழவே இல்லை. “தண்ணின்னா நம்ப மாட்டாங்க. பிள்ளன்னா உடனே நம்புவாங்க” என்றார்.

அந்த வயிற்றைப் பார்த்து யாரும் அறை தரவில்லை. சேரப்பணஞ்சேரி, ஒரகடம் என்று பெட்டியோடு அலைந்தார். ஓய்வெடுக்க வேண்டிய நாட்கள் அப்படிப் போயின. மறுபடி ஸ்கேன் எடுத்தபோது, வலது பக்கம் ஆபரேஷனைத் தாங்காது என்று சொல்லிவிட்டார்களாம்.

அந்தப் பள்ளத்தின் குளிர்ச்சி என் கட்டைவிரலில் இருக்கிறது. அதை நான் வைத்துக்கொள்கிறேன். காலியான அறையைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை புதிதாக அக்காக்கள் வருகிறார்கள். அம்மா அவர்களிடம், இசக்கி அக்கா கலைக்கப் போய்ச் செத்த கதையைத்தான் சொல்வாள். நான் பக்கத்தில் நின்று, “பொய்” என்று சொல்லப்போகிறேன்.