புத்தகம் வராதவர்களின் ரேக்

போன வாரம் மந்தைவெளியில் ஒரு மளிகைக் கடையில் பாச்சா உருண்டை வாங்கினேன், பீரோவில் போடுவதற்காக. பாக்கெட்டின் மூலை கொஞ்சம் கிழிந்திருந்தது. வாசனை மூக்கில் ஏறியதும் கடைக்காரர் சில்லறை கேட்டது காதில் விழவில்லை. "சார், இன்னா யோசனை, சில்லறை கீதா இல்லியா?" என்று அவர் இரண்டாம் தடவை கேட்ட பிறகுதான் நான் இந்த உலகத்துக்கு வந்தேன்.

மற்றவர்களுக்கு அந்த வாசனை பட்டுப்புடவையை ஞாபகப்படுத்தும். எனக்குப் புத்தகங்களை. இதைப் படிக்கிற பிள்ளைகளா, நான் பெரிதாகப் படித்தவன் இல்லை. பத்தாம் வகுப்பு, அதிலும் கணக்கு இரண்டாம் முறையில்தான் கை கொடுத்தது. எங்கள் பங்குச் சாமியார் யாரிடமோ ஒரு வார்த்தை சொல்லி, மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு பெண்கள் கல்லூரியின் நூலகத்தில் அட்டெண்டராகச் சேர்த்துவிட்டார். திரும்பி வரும் புத்தகங்களை அதனதன் இடத்தில் வைக்க வேண்டும், தூசி தட்ட வேண்டும், ரேக்குகளின் பின்னால் பாச்சா உருண்டை போட வேண்டும். இவ்வளவுதான் வேலை.

வேலை சுலபம், தனிமைதான் கஷ்டம். அந்த மாடி முழுக்க நான் ஒருவன்தான் ஆண். ரேக்குகளுக்கு நடுவில் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும் பெண்கள் என்னைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்திவிடுவார்கள். அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாமே என்று சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டே நடப்பேன். அப்புறம் யோசித்தால், கோயில் மாடு மாதிரி நான் மணி கட்டிக்கொண்டு நடந்திருக்கிறேன். மனைவியும் கைக்குழந்தையும் செங்கல்பட்டில் மாமியார் வீட்டில். நான் சைதாப்பேட்டையில் ஒரு அறையில். சில ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். மற்ற நாட்களில் சாயங்காலம் நூலகத்தைப் பூட்டிய பிறகு மறுநாள் காலை வரை பேசுவதற்கு ஆள் கிடையாது.

அப்படி இருந்தபோது, ஒரு கோடை விடுமுறையில் ரெஜினா மிஸ் வந்தார்.

அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம். நிரந்தர வேலையில் இருப்பவர்கள் 'மேடம்', தற்காலிகமாக இருப்பவர்கள் 'மிஸ்'. யாரும் சொல்லித்தருவதில்லை, கேட் வாட்ச்மேனிலிருந்து எல்லோருக்கும் தெரியும். ரெஜினா மிஸ் இயற்பியல் துறையில் மிஸ். சாந்தோம் பக்கத்துக் குடும்பம். விடுமுறையில் மற்ற ஆசிரியைகள் ஊருக்குப் போயிருக்க, இவர் மட்டும் டிபன் பாக்ஸோடு நூலகத்துக்கு வந்தார்.

அவருக்கு ஒரு ஆசை. 'அறிவியலில் பெண்கள்' என்று நூலகத்தில் தனியாக ஒரு ரேக் வேண்டும். பிரின்சிபால் மேடத்திடம் கேட்டிருக்கிறார். மேடம் கண்டிப்பானவர், ஆனால் நியாயமானவர். ஜன்னலோரம் ஒரு ரேக் காலியாக இருந்தது. போட்டித் தேர்வு கைடுகளை அதில் அடுக்கப்போவதாகப் பேச்சு. "நம்ம லைப்ரரியில இருக்கிற புத்தகத்தை வச்சு அந்த ரேக்கை ரொப்பிக் காட்டு. காட்டினா அது உன்னோடது. இல்லேன்னா கைடு வரும்" என்று சொல்லிவிட்டார். கல்லூரி திறப்பதற்குள் ரொப்ப வேண்டும்.

நாங்கள் தேட ஆரம்பித்தோம். இவ்வளவு பெரிய நூலகத்தில் ஒரு ரேக் ரொம்பாதா என்று நான் மெத்தனமாக இருந்தேன். அறிவியல் பகுதியில் ஒன்றுகூட அகப்படவில்லை. பிறகுதான் விஷயம் புரிந்தது. தலைப்பில் 'பெண்' என்று ஒரு சொல் இருந்தால் போதும், எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்த யாரோ அதை மனையியல் அறைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவருக்கும் என் படிப்புதான் இருந்திருக்கும். வானத்தைப் பார்த்து நட்சத்திரங்களைக் கணக்கெடுத்த பெண்களைப் பற்றிய ஒரு தடிப் புத்தகம், ஊறுகாய் போடுவதற்கும் குழந்தைக்குக் கூழ் காய்ச்சுவதற்கும் நடுவில் இருந்தது. மருத்துவராக இருந்த கன்னியாஸ்திரிகள் மதப் பகுதியில் இருந்தார்கள். இன்னும் சிலர் கணவரின் வாழ்க்கை வரலாற்றில் ஒரு அத்தியாயமாக இருந்தார்கள்.

தூக்கிக்கொண்டு வந்து அடுக்கினால் ஒரு தட்டு நிறையவில்லை. அதிலும் பாதி, எல்லாப் பாடப்புத்தகத்திலும் வருகிற அதே ஒரு வெளிநாட்டு அம்மாவைப் பற்றியது. ரெஜினா மிஸ் நாற்காலியில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாவம்ண்ணே இவங்க. எல்லா எடத்துலயும் தனியாவே நிக்கிறாங்க. பேச்சுத்துணைக்கு யாருமில்ல" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே என் சைதாப்பேட்டை அறையும் ஞாபகம் வந்தது.

அதன் பிறகு அவர் பழைய ஆய்வு இதழ்களைப் புரட்ட ஆரம்பித்தார். கட்டுரைகளின் தலைப்புக்குக் கீழே சின்ன எழுத்தில் நம் ஊர்ப் பெண்களின் பெயர்கள் இருந்தன. ஏதோ ஒரு ஆய்வுக்கூடத்தில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்தவர்கள். சிலர் இதே சென்னையில் இருந்தார்கள். விசாரித்து, பஸ் பிடித்து, வீடு தேடிப் போய்விட்டு வருவார். வந்ததும் ஃபேனுக்குக் கீழே நின்றுகொண்டு என்னிடம் சொல்வார். ஒருவர் கடல்பாசியை ஆராய்ந்தவர், ஒருவர் சாயத்தை. யாரைப் பற்றியும் ஒரு புத்தகம் கிடையாது. தெருவில் பக்கத்து வீட்டுக்கே தெரியாது.

"புக்கே இல்லாதவங்கள எப்படிண்ணே ரேக்ல வைக்கிறது?" என்று ஒருநாள் கேட்டார்.

நான் விளையாட்டுக்குத்தான் சொன்னேன். நூலகத்தில் ஒரு புத்தகம் கிழிந்து பைண்டிங்குக்குப் போனால், அது திரும்பி வரும்வரை இடம் மறந்துபோகாமல் இருக்க அங்கே ஒரு மரக்கட்டையை வைப்போம். புத்தகத்தின் அளவில் இருக்கும், முதுகில் பெயர் எழுதிய தாள் ஒட்டியிருக்கும். "கட்டைதான் வைக்கணும் மிஸ்" என்று சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கட்டை செய்கிறவர் யார், எங்கே இருக்கிறார் என்று கேட்டார்.

செய்கிறவர் சைதாப்பேட்டை கஃபூர் பாய், கல்லூரிக்கு பெஞ்சு ரிப்பேர் செய்கிற தச்சர். பெட்டி உடைத்த பலகையில் செய்து, கோணிப்பையில் போட்டுச் சுமந்து வந்தார். "இன்னா நைனா, படிக்கிற புள்ளைங்களுக்குப் போய் கட்டையைக் குடுத்துக்கினு கீறீங்க? நாளைக்கு இன்னா, களிமண்ணா?" என்று என்னைக் கிண்டல் செய்தார். மிஸ் அவரிடம் விஷயத்தைச் சொன்னார். அடுத்த கோணியில் வந்த கட்டைகளின் ஓரமெல்லாம் உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்திருந்தது.

ரெஜினா மிஸ் ஒவ்வொன்றிலும் வெள்ளைத் தாள் ஒட்டி, சாய்ந்த எழுத்தில் ஒரு பெயரும், அவர் எதை ஆராய்ந்தார் என்பதும் எழுதினார். ரேக் ரொம்பிவிட்டது. தூரத்திலிருந்து பார்த்தால் நிஜப் புத்தகங்கள் மாதிரியே இருந்தன.

கல்லூரி திறக்கும் முன்பு பிரின்சிபால் மேடம் பார்க்க வந்தார். திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டே வந்தவர், ஒன்றை உருவினார். கை நின்றுவிட்டது. இன்னொன்றை உருவினார்.

"ரெஜினா, இதுல எந்த புக் பைண்டிங்குக்குப் போயிருக்கு?"

"எதுவும் போகல மேடம். இன்னும் யாரும் எழுதல. எழுதி வந்ததும் கட்டையை எடுத்துடலாம்."

நான் சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன், சத்தம் வந்துவிடக் கூடாதே என்று. மேடம் அந்தக் கட்டைகளில் இருந்த பெயர்களை ஒன்றுவிடாமல் படித்தார். கடைசியில், "ஒரு வருஷம் தரேன். அதுக்கப்புறமும் இது கட்டையாவே நின்னா கைடு வந்துடும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மிஸ் ஒரு ஏற்பாடு செய்தார். மாணவிகள் புத்தகம் எடுப்பதுபோலக் கட்டையை எடுத்துப் போகலாம். அந்தப் பெயருக்கு உரியவரைத் தேடிப் பிடித்துப் பேசி, எழுதிக்கொண்டு வந்து கொடுத்தால், அதை நான் பைண்ட் செய்து கட்டை இருந்த இடத்தில் வைப்பேன். நானும் கட்டைக்குத் தேதி முத்திரை குத்திக் கொடுத்தேன். ஆரம்பத்தில் பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "அண்ணே, லேட்டானா ஃபைன் உண்டா, இல்ல அடுப்புல வச்சிடலாமா?" என்று கேட்டாள். நல்ல விஷயம் என்னவென்றால், என்னிடம் பேசினார்கள். நான் வந்தாலும் பேச்சை நிறுத்தாமல் இருந்த வருஷம் அது ஒன்றுதான்.

கொஞ்சம் கையெழுத்துப் புத்தகங்கள் வந்தன. ஒரு தட்டில் பாதி என்று வையுங்களேன். மயில்துத்தம் கலந்த பசை காய்ச்சி நானே பைண்ட் செய்தேன். விரலெல்லாம் நீலம் பாரித்துப்போகும்.

அந்த வருஷம்தான் கோபாலபுரத்திலிருந்து விசாலாட்சி அம்மா வந்தார், கடல்பாசியை ஆராய்ந்தவர். தன் பெயரில் ஒரு கட்டை இருக்கிறது என்று கேள்விப்பட்டு, ஆட்டோ பிடித்து, மாடிப்படி ஒவ்வொன்றாக ஏறி வந்திருந்தார். நாற்காலி போட்டுக் கொடுத்து, கட்டையை எடுத்துக் கையில் கொடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னைப் பத்தி யாரு எழுதப்போறா? ஆத்துல இருக்கறவாளே கேட்டதில்லை" என்றார். பிறகு, "பக்கத்துல யாரை வச்சிருக்கேள்?" என்று கேட்டார். கண் சரியாகத் தெரியாது போல. நான் படித்துச் சொன்னேன், சாரதா என்று.

"சாரதாவா? ஒரே லேப்தான். மைக்ராஸ்கோப்புக்குச் சண்டை போட்டுண்டு கடைசி வரைக்கும் ரெண்டு பேரும் பேசிக்கவே இல்லை. இப்போ அவ இருக்காளோ என்னவோ." நான் வேண்டுமானால் இடம் மாற்றி வைக்கட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம்ப்பா. பக்கத்துலயே இருக்கட்டும்" என்றார்.

வருஷம் முடிவதற்கு முன்னால் ரெஜினா மிஸ்ஸின் இடத்துக்கு நிரந்தரமாக ஒரு மேடம் வந்துவிட்டார். மிஸ் வேறு ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனார். கடைசி நாளில் ரேக்கைத் துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டு, "பாத்துக்கோங்கண்ணே" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு யாரும் கட்டை கேட்டு வரவில்லை. பிரின்சிபால் மேடம் தேதி வைத்துக் கேட்கவும் இல்லை, அவரும் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். கைடுகள் கீழ்த்தட்டில் நுழைந்தன. பிறகு அதற்கு மேல் தட்டில். கட்டைகள் மேலே மேலே ஏறிப் போயின. நான் ஸ்டூல் போட்டு ஏறித் தூசி தட்டுவேன். பேச ஆள் இல்லாத மாடியில் அந்தப் பெயர்களை வாய்விட்டுப் படிப்பேன். பைத்தியம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், ஒரு வீட்டில் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மாதிரி இருக்கும்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் நூலகத்தைப் புதுப்பித்தார்கள். ஒவ்வொரு புத்தகத்துக்கும் கோடு போட்ட ஸ்டிக்கர் ஒட்டி மெஷினில் காட்டினார்கள். கட்டைகளுக்கும் அந்தக் கையெழுத்துப் புத்தகங்களுக்கும் நம்பர் கிடையாது. நம்பர் இல்லாததை மெஷினுக்குத் தெரியாது. காய்ச்சல் என்று நான் லீவு போட்டிருந்த நாளில், உடைந்த நாற்காலிகளோடு சேர்த்து எல்லாவற்றையும் டெம்போவில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. புத்தகத்தைக் கணக்கிலிருந்து கழிக்கத்தான் பிரின்சிபால் கையெழுத்து வேண்டும், கட்டைக்கு எதற்கு?

இப்போது அந்த மாடி குளுகுளுவென்று இருக்கிறதாம். ரேக்குகளே இல்லை, வரிசையாகக் கம்ப்யூட்டர்கள்தானாம். அதில் பெயரைத் தட்டினால் உலகத்தில் எந்தப் பெண் விஞ்ஞானியும் வந்து நிற்பார் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் தட்டுவதற்கு முதலில் பெயர் தெரிய வேண்டுமே.

எனக்கு ஞாபகம் இருப்பதை எழுதிவிடுகிறேன், பிள்ளைகளா. உங்களில் யாராவது இவர்களைப் பற்றி விசாரித்து எழுதலாம். கடல்பாசி, விசாலாட்சி. அவருக்குப் பக்கத்தில் சாரதா. துணிச் சாயம், நூர்ஜஹான். மழைமேகம், ஆக்னஸ். அதற்கு அடுத்த கட்டை கண்ணுக்குத் தெரிகிறது. வெள்ளைத் தாள் தெரிகிறது, ரெஜினா மிஸ்ஸின் சாய்ந்த எழுத்து தெரிகிறது. எத்தனையோ தடவை வாய்விட்டுப் படித்த பெயர்தான். இப்போது படிக்க வரவில்லை.